முதற் பாணில் முளைத்தது

அந்த மாரியில் எங்கள் பேக்கரிப் பாண் இரண்டாம் நாளே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியது. முதலில் விடத்தல்தீவுக் கடைக்காரர் ஒரு பாணைத் திருப்பி அனுப்பினார். கடையில் பழசாய்க் கிடந்த பாணாக இருக்கும் என்று என் கணவர் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பிறகு சிலாவத்துறையில் இருந்து வந்தது. பிறகு ஒரு நாள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு என்று எடுத்து வைத்த பாணையே நான் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்க வெள்ளைப் பஞ்சு. அதன் பிறகு சமாதானம் சொல்ல இடம் இருக்கவில்லை.

பேக்கரிக்காரர் வீட்டில் பூஞ்சணம் என்ற சொல்லை வாயால் சொல்லமாட்டார்கள். நாங்களும் அதை ‘அது’ என்றுதான் சொன்னோம். அது வந்துவிட்டதா, அது எந்தப் பக்கம், அது நேற்றையதிலா இன்றையதிலா. வேலைக்காரர் முன்னால் அதைக்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டோம்.

எங்கள் பேக்கரி மன்னார்த் தீவில், பேசாலைக்குப் போகும் வீதியில் இருக்கிறது. பாண் சுடுவது விறகு எரிக்கும் பழைய போறணையில். என் மாமா, அதாவது என் கணவரின் தகப்பன், கட்டியது. நான் தாழ்வுபாட்டில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணம் கட்டி இங்கே வரும்வரை பாணைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தேத்தண்ணீரில் தோய்த்துச் சாப்பிடலாம் என்பதுதான். உயர்தரத்தில் உயிரியல் படித்தேன். கம்பசுக்குப் போகுமளவுக்குப் புள்ளி வரவில்லை. அதை நினைத்து நான் அழுததில்லை. ஆனால் எதையாவது கண்டால் அது எங்கேயிருந்து வந்தது என்று தோண்டித் துருவுகிற குணம் மட்டும் போகவில்லை. என் கணவருக்கு அந்தக் குணம் பெரிய கரைச்சல்.

கடைகள் பாணைத் திருப்பியதைக்கூடத் தாங்கியிருப்போம். தாங்க முடியாதது செவ்வாய்க்கிழமைப் பாண். எங்கள் கோவிலில் செவ்வாய் தோறும் அந்தோனியார் நவநாள் நடக்கும். பூசை முடிந்ததும் சின்னச் சின்னப் பாண்களைச் சுவாமியார் ஆசீர்வதித்துச் சனங்களுக்குக் கொடுப்பார். ஏழை எளியதுகளின் பசிக்கு என்று தொடங்கிய வழக்கம். இப்போது எல்லோரும் ஒரு துண்டையாவது வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். நோயாளிக்கு ஒரு விள்ளல், கடலுக்குப் போகிறவனுக்கு ஒரு விள்ளல், மீதியை வீட்டு அந்தோனியார் சுருபத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். அந்தப் பாணைச் சுடுவது எங்கள் பேக்கரி. மாமாவின் காலத்திலிருந்து அது எங்கள் வீட்டுக்குக் கிடைத்த மரியாதை. அந்த மாரியில், செவ்வாய் சுருபத்தடியில் வைத்த பாண் வியாழனுக்குள் கறுத்துப்போனது. ஆசீர்வதித்த பாணை எறியவும் ஏலாது, வைத்திருக்கவும் ஏலாது. சனங்கள் அதைத் துணியில் சுற்றிக் கோவிலுக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

சுவாமியார் நல்ல மனுசன். கோபிக்கவில்லை. பேக்கரிக்கே வந்து கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு, வருகிற செவ்வாயும் இப்படி என்றால் கொஞ்சக் காலத்துக்கு மன்னார் ரவுன் பேக்கரியில் எடுப்போம் என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். அவர் போன பிறகு என் கணவர் பாண் அடுக்கும் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். தகப்பன் விட்டுப்போன மரியாதை தன் கையில் போகப்போகிறது என்ற வெட்கம் அவர் கழுத்துவரை ஏறியிருந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

செய்யாத வேலையில்லை. மாவை மாற்றினோம். ஈஸ்டை மாற்றினோம். அச்சுகளைக் கொதிதண்ணீரில் போட்டு எடுத்தோம். போறணை வேலை செய்கிற இரண்டு அண்ணைமாருக்கும் நகம் வெட்டச் சொன்னதில், அவர்கள் என்னோடு ஒரு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. என் கணவர் மாவில்தான் பிழை என்றார். அண்ணைமார் மழையில்தான் பிழை என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி கண்ணூறு என்றாள். என் கணவரின் தாயான மாமி செபமாலையைக் கையில் எடுத்தார், முன்னைவிட அதிக நேரம் முழங்காலில் இருந்தார்.

நான் யோசித்தேன். போறணைக்குள் எதுவும் உயிரோடு மிஞ்சாது. மாவில் பூஞ்சணத்தின் வித்து இருந்தாலும், அச்சில் இருந்தாலும், அந்தச் சூட்டில் எல்லாம் செத்துப்போகும். போறணையிலிருந்து வெளியே வரும் அந்தக் கணத்தில் ஒரு பாண் இந்த உலகத்திலேயே மிகச் சுத்தமான பொருட்களில் ஒன்று. அப்படியென்றால் அது போறணைக்குப் பிறகுதான் ஏறுகிறது. பாண் ஆறும்போதோ, அடுக்கும்போதோ, பையில் போடும்போதோ. இதை நான் சொன்னபோது என் கணவர், அப்ப எங்கேயென்று கண்டுபிடியும் என்று கொஞ்சம் எரிச்சலோடு சொன்னார். அதைத்தானே நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜாம் போத்தல்களை அவித்து எடுத்தேன். போறணையிலிருந்து வந்த பாணை நெருப்பில் வாட்டிய கத்தியால் வெட்டி, ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் ஒரு துண்டு போட்டு, கொதித்தாறிய தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டு மூடினேன். பிறகு ஒவ்வொரு போத்தலையும் பேக்கரியில் ஒவ்வோர் இடத்தில் கொஞ்ச நேரம் திறந்து வைத்து மறுபடி மூடினேன். ஒன்று போறணை வாசலில், ஒன்று மாப் பிசையும் இடத்தில், ஒன்று மாவறையில், ஒன்று பை போடும் மேசையில். பாண் ஆறும் அறையில் மட்டும் இரண்டு: வாசலுக்குப் பக்கத்தில் ஒன்று, உள் மூலையில் ஒன்று. கடைசிப் போத்தலை நான் திறக்கவே இல்லை.

அந்தத் திறக்காத போத்தல்தான் எனக்கு மிகப் பிடித்த போத்தலாகிவிட்டது. நாள் போகப் போக மற்றவற்றில் ஏதாவது ஒன்று தலைகாட்டியது; அதில் மட்டும் ஒன்றும் இல்லை. அதே பாண், அதே தண்ணீர், அதே வெக்கை. காற்று மட்டும் படவில்லை. பூஞ்சணம் பாணிலிருந்து வருவதில்லை, பாணுக்கு வருகிறது என்று புத்தகத்தில் படித்துப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். கண்ணால் கண்டது இப்போதுதான். வெறும் காற்று என்று நாங்கள் நினைத்து நடமாடுகிற இடமெல்லாம் வித்துகள் தொங்கிக்கொண்டிருக்கின்றன. எங்கே ஈரமும் சாப்பாடும் சேர்ந்து கிடக்கிறதோ அங்கே இறங்கினால் பிழைப்பு, இறங்காவிட்டால் காத்திருப்பு. மாதக் கணக்கில், சிலவேளை வருசக் கணக்கில் காத்திருக்கும். பசி, தாகம், அவசரம் ஒன்றும் கிடையாது. எனக்கு அரை மணித்தியாலம் பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

ஆறும் அறையின் உள்மூலைப் போத்தலில் அது எல்லாவற்றுக்கும் முன்னாலேயே தொடங்கியது. காலையில் பாணின் ஒரு ஓரத்தில் பனி படிந்ததுபோல ஒரு மங்கல். மத்தியானம் பார்த்தபோது மெல்லிய இழைகள். பின்னேரம் அது பாணின் விளிம்பைத் தாண்டிப் போத்தல் கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தது. நான் வேலையை விட்டுவிட்டுப் போய்ப் போய்ப் பார்த்தேன். எங்கள் தாழ்வுபாட்டுக் கடற்கரையில் இராவணன் மீசை என்கிற முட்புல் படரும். ஒரு கொடியை மணலுக்கு மேலால் நீட்டி, கொஞ்சத் தூரம் போனதும் அங்கே ஒரு வேரை இறக்கி, அந்த இடத்திலிருந்து அடுத்த கொடியை நீட்டும். இதுவும் அப்படியே நடந்தது. ஒரு இழை வளைந்து போய்த் தொட்ட இடத்தில் வேர்போல ஒன்றைப் பாணுக்குள் இறக்கியது. இறக்கிய இடத்திலிருந்து நேரே மேல்நோக்கிக் காம்புகள் எழும்பின. அடுத்த நாள் காம்புகளின் நுனியில் குண்டூசித் தலைபோலச் சின்னச் சின்ன உருண்டைகள், முதலில் வெள்ளையாய், பிறகு கறுப்பாய். எங்கள் பேக்கரியைக் கவிழ்க்க வந்த சனியன் இது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என்னால் அதை வெறுக்க முடியவில்லை.

அந்த மூலையில் என்ன இருக்கிறது என்று அங்குலம் அங்குலமாகத் தேடினேன். தட்டுகளை இழுத்துப் பார்த்தேன், சுவரைத் தடவிப் பார்த்தேன், யன்னல் கம்பியைத் துடைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மேலே மட்டும் நான் தேடவில்லை. அதற்கும் ஒரு காரணம் இருந்தது.

அந்த மூலைக்கு மேலே, கூரை வளை மரத்தில், ஒரு வெள்ளைத் துணிப்பை தொங்கியது. எறும்பு வராமல் கயிற்றுக்கு மண்ணெண்ணெய் பூசியிருக்கும். அதற்குள் ஒரு பாண். சண்டைக் காலத்தில் மாமா குடும்பம் இந்தியாவுக்குப் படகில் போய், முகாமில் கிடந்து, பிறகு திரும்பி வந்து இடிந்துபோன போறணையைக் கட்டி மறுபடி மூட்டிய அன்று மாமா சுட்ட முதற் பாண் அது. அன்றைய சுவாமியார் அதை ஆசீர்வதித்துக் கொடுத்தார். அதே வருசம் மாமா நெஞ்சு வலித்துச் செத்துப்போனார். சாப்பிட மனம் வராமல் மாமி அந்தப் பாணைத் துணியில் கட்டிப் பாண் ஆறும் அறையில் தொங்கவிட்டார். அது தொங்கும்வரை போறணை அணையாது என்பது அவரது நம்பிக்கை. நான் மருமகளாக வந்தபோது அது காய்ந்து செங்கல்லாகி வெகுகாலம். சுருபத்தைப் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்துவிட்டுக் குனிந்து வேலையைப் பார்ப்போம். அதில் பிழை தேட யாருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை.

ஒரு பின்னேரம் நான் அந்த மூலையில் குந்தியிருந்து தட்டின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமி தீர்த்தப் போத்தலோடு உள்ளே வந்தார்.

“தள்ளி நில் பிள்ளை, தீர்த்தம் தெளிக்கவேணும்.”

நான் எழும்புவதற்குள் தெளித்துவிட்டார். மேலே பையில் பட்டு வழிந்த சொட்டு ஒன்று என் சட்டைக் கையில் விழுந்தது. மாமி சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் கையைப் பார்த்தேன். சொட்டு விழுந்த இடத்தில் கரித்தூள்போலக் கறுப்பு. அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். போறணைப் புகைபட்டுப் பழுப்பாகிப்போன பை என்று இவ்வளவு நாளும் நான் நினைத்த துணியின் அடிப்பக்கம் முழுக்கக் கருஞ்சாம்பல் மயிர். அது துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து தலைகீழாகத் தொங்கியது. நேர் கீழே, தட்டுத் தட்டாக, அன்றைய சுடுபாண் ஆறிக்கொண்டிருந்தது.

எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. மாரி தொடங்கியபோது அந்த மூலைக் கூரை ஒழுகியது. என் கணவர் ஏறித் தார் பூசி அடைத்தார். பை நனைந்ததை யாரும் யோசிக்கவில்லை. அத்தனை வருசமாகக் காய்ந்து கிடந்த பாண் ஒரே மழையில் சாப்பாடாகிவிட்டது. அது முளைத்து, கீழே கொட்டத் தொடங்கியது. பாண் பழுதாகிறதே என்று மாமி தன் கணவரின் பாணிடம் மன்றாடி, ஒவ்வொரு பின்னேரமும் தீர்த்தம் தெளித்தார். பழுதாகப் பழுதாக இன்னும் அதிகம் தெளித்தார். வெயில் காலமாக இருந்தால் ஒரு கிழமையில் காய்ந்து அடங்கியிருக்கும். மாமியின் விசுவாசம் அதைக் காயவிடவில்லை.

நான் போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் வந்து அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“அம்மாட்டை இதைச் சொல்லாதையும்,” என்றார். “ஐயா சுட்டதிலை மிஞ்சினது அது ஒண்டுதான்.”

அப்ப செவ்வாய்ப் பாண் என்று கேட்டேன். தட்டுகளை வெளியே எடுத்து விறாந்தையில் ஆறவைப்போம் என்றார். விறாந்தையில் வீதிப் புழுதியும் மழைச் சாரலும் காகமும். அதுவும் அவருக்குத் தெரியும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் யாரில் ஆத்திரப்படுவது என்று தெரியவில்லை. ஒரு பக்கம் மாமா விட்டுப்போன மரியாதை, மறுபக்கம் மாமா விட்டுப்போன பாண். ஒன்றைக் காப்பாற்ற மற்றதை விடவேண்டும். அதை மாமியிடம் யாராவது ஒருவர் சொல்லத்தான் வேண்டும். வெறும் வாயால் சொன்னால் நம்பமாட்டார், நம்பினாலும் உடைந்துபோவார் என்று பயமாக இருந்தது. அவருக்குக் காட்டவேண்டும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கே பார்க்கவேண்டும்போல இருந்தது.

திங்கட்கிழமை காலை பையிலிருந்து ஒரு துணி நூலைக் கத்தரித்து அந்த மூலைப் போத்தலுக்குள் போட்டுக்கொண்டு ரவுனுக்குப் போனேன். என் தம்பி அங்கே போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். போனின் உள்பலகையில் எறும்புக் கண்ணளவு பாகங்களை ஒட்டுவதற்கு ஒரு நுணுக்குக்காட்டி வைத்திருக்கிறான். அதில் தெரிவது பக்கத்துத் திரையில் பெரிதாக விழும். கடலுக்குள் விழுந்த போனைக் கொண்டுவந்து காத்திருந்த ஒரு மீன்காரரும் கடையில் இருந்தார். தம்பி முதலில் மறுத்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கைப் போட்டான்.

திரையில் ஒரு காடு எழும்பி நின்றது. வேறு என்ன சொல்ல. கண்ணாடிக் கம்பிகள் போன்ற காம்புகள், ஒளி ஊடுருவும்படி அவ்வளவு சுத்தமாக, ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு கறுப்பு உருண்டை. வித்திக்கலன் என்று பாடப்புத்தகத்தில் படம் வரைந்து பெயர் குறித்திருக்கிறேன். அந்தப் படத்தில் அது மூன்று கோடும் ஒரு வட்டமும். இங்கே அது மினுங்கியது. ஏன் இவ்வளவு உயரக் காம்பு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாணின் மேற்பரப்பை ஒட்டிக் காற்று அசையாது; கொஞ்சம் மேலே தலையை நீட்டினால்தான் காற்றின் கை எட்டும். மூளையில்லாத ஒரு நூல், தன் பிள்ளைகளைக் காற்றுக்கு எட்டும் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

தம்பி மெதுவாக ஊதினான். ஒரு உருண்டையின் தோல் ஏற்கெனவே கிழிந்திருக்கவேண்டும். அதிலிருந்து புகைபோல ஒன்று எழும்பித் திரை முழுக்கப் பரவியது. புகையில்லை, ஒவ்வொன்றும் தனித்தனி வித்து. ஒற்றைக் கலம், மேலே ஒரு தோல், அவ்வளவுதான். விதைக்குள் இருக்கிற குருத்துக்கூட அதற்குள் கிடையாது. அந்த ஒரு உருண்டைக்குள்ளேயே ஆயிரக்கணக்கில் இருக்கும். போத்தலுக்குள் எத்தனை உருண்டை, பையில் எத்தனை என்று நினைத்துப் பார்க்கப் போய்த் தலை சுற்றியது. தாயும் தகப்பனும் தேவையில்லை. தானே தன்னைத் தூளாக்கிக் காற்றில் விடுகிறது. சிலவேளை இரண்டு இழைகள் ஒன்றையொன்று தேடிப் போய் நுனியால் ஒட்டிக்கொள்ளுமாம். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி, ஆணென்றும் பெண்ணென்றும் சொல்ல ஏலாது. ஒட்டிய இடத்தில் தடித்த கறுப்புத் தோலோடு ஒரு வித்து உருவாகி, கெட்ட காலம் போகும்வரை நித்திரை கொள்ளுமாம். அதை நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொன்னால் பொய். தூளாகிப் பறந்ததைப் பார்த்ததே எனக்குக் காணும்.

“உதையோ இவ்வளவு நாளும் திண்டனாங்கள்?” என்றார் மீன்காரர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தம்பி தன் லென்ஸ் முழுக்கப் பிடிக்கப்போகிறது, உதைக் கொண்டுபோங்கோ அக்கா என்று கலைத்தான். கலைக்கும் முன் திரையில் தெரிந்ததை என் போனில் படம் எடுத்துக் கொடுத்தான். பஸ்ஸில் திரும்பும்போது எதிரே, எங்கள் பாணை ஊரூராகக் கொண்டுபோய் விற்கும் சூன் பாண் ஓட்டோ பாட்டைப் போட்டபடி, தீவைத் தரையோடு இணைக்கும் தாம்போதிப் பக்கம் போனது. விடத்தல்தீவு, நறுவிலிக்குளம், இன்னும் எங்கெல்லாம் பாண் போகிறதோ அங்கெல்லாம் அதுவும் போயிருக்கிறது. காற்று கொண்டுபோகாத ஊருக்கு நாங்களே பாட்டுப் போட்டு ஏற்றிப் போயிருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே கண்ணும் கலங்கியது.

மாமி குசினிக்குப் பின்னால் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கூரை ஒழுகியதை, பை நனைந்ததை, கீழே பாண் ஆறியதை. தீர்த்தத்தைப் பற்றி மட்டும் சொல்ல வாய் வரவில்லை. என் கணவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமி கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார். கண்ணாடியை மூக்கில் இறக்கி வைத்துப் பார்த்தார். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“தீர்த்தம் நான் தெளிச்சதாலையோ?”

பொய் சொல்லியிருக்கலாம். அவர் கண் என்னிலேயே இருந்தது.

“ஈரம் பட்டால் வளரும் மாமி. மழையும் பட்டது.”

அவர் தலையாட்டினார். அழவில்லை. மறுபடி படத்தைப் பார்த்தார். நான் பயந்தது ஒன்று, அவர் கேட்டது வேறொன்று. இது எதைத் தின்று இப்படி வளருது என்று கேட்டார். மாமா சுட்ட பாணைத்தான் என்று சொன்னேன். வெட்டிய மீனில் காகம் வந்து இருந்தது, யாரும் கலைக்கவில்லை.

“அப்ப அவர் சுட்டது இண்டைக்கும் ஆருக்கோ சாப்பாடாய் இருக்கு,” என்றார் மாமி.

புத்தகத்தில் படித்ததும் போத்தலில் பார்த்ததும் திரையில் கண்டதும் எல்லாம் அந்த ஒரு வசனத்துக்குள் அடங்கிப்போனதுபோல இருந்தது.

இறக்குவதா விடுவதா என்று நாங்கள் கேட்கவேண்டி வரவில்லை. குப்பையில் போடக்கூடாது, மண்ணில் தாட்டால் நாய் கிண்டும், போறணைக்குள்ளேயே வைப்போம் என்று அவரே சொன்னார். நாளைக்கு அந்தோனியார் பாண் சுடவேண்டும், நேரத்தை மினக்கெடுத்தாதையுங்கோ என்றும் சொன்னார். நான் எல்லோருடைய மூக்கையும் வாயையும் சுத்தமான லேஞ்சியால் கட்டிவிட்டேன். என் கணவர் ஏணி வைத்து ஏறி, பையை ஈரச் சாக்கால் பொத்தி இறக்கினார். மாமி அதைக் கையில் வாங்கினார். அவர் நினைத்ததைவிட அது பாரம் குறைவாக இருந்திருக்கவேண்டும். வாங்கிய கை கொஞ்சம் மேலே எழும்பியது. போறணை வாசலில் அண்ணைமார் நீள அகப்பையைப் பிடித்தார்கள். மாமி அதன்மேல் பையை வைத்து, ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் சொன்னார். அகப்பை உள்ளே போனது. துணி பிடித்து எரிந்தது, பிறகு பாண். அத்தனை பழைய பாண் எரிகிற மணமும் சுடுபாண் மணம்தான். அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அண்ணைமாரில் ஒருவர் தலையிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அடுத்த நாளைய பாணுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்குப் பிறகும் ஆகவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது அதைப் பற்றியல்ல.

பை எரிந்த கையோடு ஆறும் அறையைக் கழுவ ஆயத்தமானோம். தட்டுகளை வெளியே எடுத்தோம். என் கணவர் வாளியில் குளோரின் கரைத்துக்கொண்டு வந்தார். கூரை, வளை, சுவர், நிலம், ஒன்று விடாமல் கழுவவேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். மாமி அறை வாசலில் நின்று வெறும் வளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் எரிஞ்சுதோ பிள்ளை?”

“பாண் எரிஞ்சுது மாமி. வித்து எல்லாம் எரியேல்லை. சுவரிலை இருக்கும், காத்திலை இருக்கும். அதுக்குத்தான் கழுவப்போறம்.”

“இந்த அறைக் காத்திலையோ?”

“ஓம் மாமி.”

அவர் உள்ளே போனார். அந்த மூலையில், வளைக்கு நேர் கீழே நின்றார். மூக்கில் நான் கட்டிவிட்ட லேஞ்சியை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டார். கண்ணை மூடி, மெதுவாக, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார். அந்த வயதில் அந்தக் காற்று சுவாசத்துக்குக் கூடாது என்று எனக்குத் தெரியும். வேறு நாளென்றால் கையைப் பிடித்து வெளியே இழுத்திருப்பேன். என் கணவர் என்னைப் பார்த்தார். விடுங்கோ என்று நான் தலையை ஆட்டினேன். அவர் வாளியைச் சத்தமில்லாமல் நிலத்தில் வைத்தார். மாமி தானாக வெளியே வரும்வரை நாங்கள் கழுவத் தொடங்கவில்லை.